புட்சால் ஆட்டமும் ஒரு ஜேர்மானிய வீரரும்

கல்லூரி மலர்களில் விளையாட்டைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் வென்றோரையே எடுத்துரைப்பர். அது தவறன்று. கிண்ணம் பெற்ற அணியின் படமும் அணித்தலைவரின் பெயரும் மலருக்கு அழகு செய்வனவே. ஆயினும், முதற் பதினொருவரில் இடங் கிடையாது, எல்லைக்கோட்டின் அருகே நின்று பந்தெடுத்துக் கொடுத்தவர்களும் நம்மிற் பலர் உளர். விளையாடப் புகுவோருட் பெரும்பாலோர் உச்சியை அடைவதில்லை. அடையாதவர் அதன்பின் யாது செய்தனர் என்பதை ஆராய்வதும் கல்வியின் ஒரு பகுதியேயாகும்.

இக்கட்டுரையில் யாம் எடுத்துக்கொண்ட பொருள், ஜேர்மனி நாட்டின் புட்சால் வீரர் திமோ ஹைன்சே என்பாரின் விளையாட்டு வாழ்வாகும். அவரை விளங்கிக்கொள்வதற்கு முன், புட்சால் என்னும் ஆட்டம் யாது என்பதையும், உதைபந்தாட்டத்திற் புகழ்பெற்ற ஜேர்மனி இவ்வாட்டத்தில் மட்டும் பிந்தி வந்தமைக்குக் காரணம் யாது என்பதையும் அறிதல் வேண்டும். ஆதலின் அவற்றை முதலிற் கூறி, பின்னர் அவர் வரலாற்றுக்கு வருவாம்.

பெயரும் பிறப்பும்

புட்சால் என்பது மண்டபத்தினுள் ஆடப்படும் உதைபந்தாட்டத்தைக் குறிக்கும் ஸ்பானிய, போர்த்துக்கேயச் சொற்றொடர்களின் சுருக்கமாகும். இவ்வாட்டம் தென்னமெரிக்காவில் உருகுவே நாட்டின் தலைநகராகிய மொன்ரிவிடியோவிற் பிறந்தது. முதலாவது உலகக் கிண்ண உதைபந்தாட்டப் போட்டி 1930ஆம் ஆண்டு அந்நகரிலேயே நடைபெற்றது. இறுதியாட்டத்தில் உருகுவே ஆர்ஜென்ரீனாவை 4க்கு 2 என்ற கோல் கணக்கில் வென்றது. ஊரெங்கும் சிறுவர் பந்தும் கையுமாகத் திரிந்த காலம் அது. அவ்வாண்டிலேயே, அந்நகரின் வாலிபர் கிறித்தவ சங்கத்தில் உடற்பயிற்சி ஆசிரியராக விளங்கிய ஹுவான் கார்லோஸ் செரியானி என்பார், சிறுவர் மண்டபத்தினுள்ளும் கூடைப்பந்தாட்டக் களத்திலும் ஆடத்தக்க ஓர் ஆட்டத்தை வகுத்தார்.

அவர் புதிதாக எதனையும் படைக்க முயன்றிலர், உள்ளனவற்றை ஒழுங்குபடுத்தினார். பந்தைக் காலால் ஆடும் முறையை உதைபந்தாட்டத்திலிருந்தும், ஐவர் கொண்ட அணியையும் 40 நிமிட ஆட்ட நேரத்தையும் கூடைப்பந்தாட்டத்திலிருந்தும், கோற்கம்பங்களின் அளவைக் கைப்பந்தாட்டத்திலிருந்தும், கோல்காப்பாளருக்குரிய விதிகளை நீர்ப்பந்தாட்டத்திலிருந்தும் எடுத்துக்கொண்டார். ஓர் ஆசிரியரின் ஏற்பாடாகத் தோன்றிய இது அண்டை நாடாகிய பிரேசிலிற் பரவி வேரூன்றி, பின்னர் ஸ்பெயின், போர்த்துக்கல், இத்தாலி முதலிய நாடுகளிலும் தழைத்தது. சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனமாகிய பீபா, 1989ஆம் ஆண்டு நெதர்லாந்தில் இதற்கெனத் தன் முதலாவது உலகப் போட்டியை நடத்திற்று. பிரேசில் வாகை சூடியது. ஜேர்மனி அப்போட்டியிற் பங்குபற்றவில்லை.

களமும் விதிகளும்

புட்சாற் களம் பெரும்பாலும் 40 மீற்றர் நீளமும் 20 மீற்றர் அகலமும் உடையது. அதன் பரப்பு 800 சதுர மீற்றர். பெரிய உதைபந்தாட்டக் களமோ 105 மீற்றர் நீளமும் 68 மீற்றர் அகலமும் கொண்டது. அதன் பரப்பு 7,140 சதுர மீற்றர். பெரிய களத்தில் 22 பேரும் சிறிய களத்தில் 10 பேரும் ஆடுகின்றனர். ஆகவே, பெரிய களத்தில் ஒருவருக்குச் சராசரி 324 சதுர மீற்றர் கிடைக்க, புட்சாலில் 80 சதுர மீற்றரே கிடைக்கின்றது. ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு இடத்தினுள் நின்று ஆடவேண்டியிருத்தலின், சிந்திப்பதற்குக் கிடைக்கும் நேரமும் அதற்கேற்பக் குறுகிவிடுகின்றது. இவ்வாட்டத்தின் இயல்பு முழுவதும் இக்கணக்கிலிருந்தே பிறக்கின்றது எனலாம்.

பந்தும் வேறானது. அது பெரிய பந்தினுஞ் சிறியது. 400 முதல் 440 கிராம் வரை நிறையுடையது. இரண்டு மீற்றர் உயரத்திலிருந்து விழவிட்டால், அது 50 முதல் 65 சென்ரிமீற்றர் வரையே எழல்வேண்டும் என்பது விதி. துள்ளாத பந்தாதலின் அது நிலத்தோடு ஒட்டிச் செல்லும். வீரர் அதனைப் பாதத்தின் அடிப்பகுதியால் மிதித்து நிறுத்தியும் உருட்டியும் ஆடுவர். ஓங்கி உதைத்துத் தொலைவுக்கு அனுப்பும் ஆற்றலுக்கு இங்கே பெரும்பயன் இல்லை. அருகில் நிற்பவனுக்குத் தக்க கணத்திற் பந்தைக் கொடுத்துவிட்டு உடனே இடம் மாறும் ஆற்றலே வேண்டப்படுவது.

எல்லைக்கு வெளியே சென்ற பந்தை நான்கு செக்கனுக்குள் மீண்டும் ஆட்டத்துக்குக் கொணர்தல் வேண்டும். தவறின் உரிமை எதிரணிக்குச் செல்லும். மாற்று வீரர் எத்தனை முறையும் உள்வந்து வெளிச்செல்லலாம். ஒரு பாதியில் ஓர் அணி ஐந்து விதிமீறல்களுக்கு மேற் செய்யுமாயின், ஆறாவதிலிருந்து எதிரணிக்குத் தடுப்பு வரிசையற்ற நேர் உதை அளிக்கப்படும். ஆகவே, ஒருவன் அவசரத்தால் இழைக்கும் தவறு அணி முழுவதன் கணக்கிலும் ஏறுகின்றது. செந்நிற அட்டை பெற்று ஒருவன் வெளியேறினால், அவனது அணி இரண்டு நிமிடம் நால்வரோடு ஆடவேண்டும்; அதற்குள் எதிரணி கோல் இட்டுவிட்டால் மாற்று வீரர் ஒருவர் உட்செல்லலாம்.

இன்னொரு விதி எம் பொருளுக்கு மிகவும் இயைபுடையது. பந்து எல்லை கடந்த கணமே கடிகாரம் நிறுத்தப்படும். ஆட்டம் தொடங்கும்போதே அது மீண்டும் ஓடும். இழந்த நேரத்தை ஈடுசெய்வதற்காகப் பெரிய ஆட்டத்தின் முடிவில் மத்தியஸ்தர் சேர்க்கும் மேலதிக நேரம் என்பது இங்கே இல்லை. இழக்கப்படும் நேரமே இல்லாதபோது ஈடு எதற்கு? இதனைப் பின்னர் நினைவுகூர்வாம்.

ஜேர்மனி பிந்தியமை

1954, 1974, 1990, 2014 ஆகிய நான்கு ஆண்டுகளில் உலகக் கிண்ணத்தை வென்ற நாடு ஜேர்மனி. அங்கே மண்டப உதைபந்தாட்டம் இல்லாமலும் இல்லை. பனிக்காலத்தில் வெளிக்களங்கள் உறைந்து கிடக்கும் வாரங்களில், பெருங் கழகங்கள் மண்டபங்களிற் போட்டி நடத்துவது அந்நாட்டு வழக்கம். ஜேர்மானிய உதைபந்தாட்டச் சங்கமே 1988 முதல் 2001 வரை இத்தகைய போட்டியொன்றை நடத்தி வந்தது. அம்மண்டபங்களிற் களத்தைச் சுற்றிப் பலகை வேலி இருக்கும். பந்தை வேலியில் உதைத்து, அது திரும்பி வரும்போது மீண்டும் ஆடுவர். வேகமும் ஆரவாரமும் மிகுந்த அவ்வாட்டத்தை மக்கள் பெரிதும் விரும்பினர்.

ஆனால் அது புட்சால் அன்று. வேலி உள்ள களத்திற் பிழையாகக் கொடுத்த பந்தும் திரும்பி வரும். கோடு மட்டுமே உள்ள களத்தில் அப்பிழை அப்பொழுதே எதிரணிக்குச் செல்வமாகிவிடும். “எம்மிடம் மண்டப ஆட்டம் உண்டு, புதியது எதற்கு?” என்னும் மனப்பான்மையே அந்நாட்டைப் பின்னிற்கச் செய்ததென யாம் கருதுகின்றோம். பெரிய ஆட்டத்திற் பெற்ற புகழும் சிறிய ஆட்டத்தைக் கற்பதற்கு ஒரு தடையாயிற்று. தேசிய மட்டத்திலான புட்சாற் கிண்ணப் போட்டி 2006ஆம் ஆண்டிலேதான் அங்கே ஆரம்பமாயிற்று. தேசிய அணி முதன்முதற் களமிறங்குவதற்கு மேலும் பத்தாண்டு சென்றது.

பயிற்சிக்கூடங்களின் இரு பக்கங்கள்

இதற்கிடையே பெரிய உதைபந்தாட்டத்தில் ஜேர்மனிக்கு ஒரு சோதனை நேர்ந்தது. 2000ஆம் ஆண்டின் ஐரோப்பியக் கிண்ணப் போட்டியில் அந்நாட்டணி ஓர் ஆட்டத்தைச் சமன் செய்து, இரண்டிற் தோற்று, ஒரேயொரு கோலுடன் தன் பிரிவிற் கடைசி இடத்தைப் பெற்றது. தலைகுனிந்த சங்கம் அடியிலிருந்து திருத்தத் துணிந்தது. முதற்றரக் கழகங்கள் யாவும் இளைஞர் பயிற்சிக்கூடங்களை நடத்துதல் கட்டாயமாக்கப்பட்டது. நாடெங்கும் முந்நூற்றுக்கு மேற்பட்ட பயிற்சி நிலையங்கள் திறக்கப்பட்டன. பதினான்கு ஆண்டுகளில் உலகக் கிண்ணம் மீண்டும் அந்நாட்டுக்கு வந்தது.

இது வெற்றியின் பக்கம். மறுபக்கமும் ஒன்றுண்டு. பயிற்சிக்கூடங்களிற் சேரும் சிறுவர் பலர். முதற்றர அணியில் இடம் பெறுவோர் மிகச் சிலர். ஆண்டுதோறும் ஒரு வகுப்பு மேலே வர, முன்னைய வகுப்பிற் பலர் கழிக்கப்படுவர். கழிக்கப்பட்டவர் திறமையற்றவர் அல்லர். தத்தம் ஊரில் ஒப்பாரில்லாத ஆட்டக்காரராய் விளங்கியவரே. ஒருவருக்குக் காயம், ஒருவருக்குப் பயிற்றுநரின் மாற்றம், இன்னொருவருக்குத் தம் இடத்தில் தம்மினுந் தேர்ந்த ஒருவர் நின்றமை என்று காரணங்கள் பல. பதினைந்து ஆண்டு ஒரே நோக்குடன் வாழ்ந்த இளைஞன் இருபத்துநான்கு வயதில், “இனி நான் யார்?” என்று தன்னையே வினவ வேண்டிய நிலை ஏற்படுகின்றது. இவ்வினாவுக்கு விடை கண்டவர்களுள் ஒருவரே நம் கட்டுரைத் தலைவர்.

திமோ ஹைன்சே

இவர் 1986ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 3ஆந் திகதி, ஜேர்மனியின் தென்பகுதியாகிய பவேரியாவிலுள்ள ரோசன்ஹைம் என்னும் ஊரிற் பிறந்தார். சிறுவயதிலேயே மூனிச் நகரின் பயேர்ண் கழகத்தாற் சேர்த்துக்கொள்ளப்பட்டார். அந்நாட்டின் முதன்மைக் கழகம் அதுவே. அங்கே இளைஞர் அணிகளில் ஆடி வளர்ந்து, இரண்டாம் அணியில் இடம் பெற்றார்.

அவ்விரண்டாம் அணியின் நிலையை விளக்குதல் நன்று. முதலணியிற் சேரவேண்டிய இளைஞர் தம்மைத் தகுதிப்படுத்தும் இடம் அது. ஹைன்சேயின் காலத்தில் ஹேர்மன் கேர்லாண்ட் என்னும் அனுபவம் மிக்க பயிற்றுநர் அதற்குப் பொறுப்பாயிருந்தார். பிலிப் லாம், பாஸ்ரியன் சுவைன்ஸ்ரைகர், மற்ஸ் ஹும்மெல்ஸ், தோமஸ் முல்லர் ஆகியோர் அவ்வணியைக் கடந்து சென்றவரே. அந்நால்வரும் 2014இல் உலகக் கிண்ணம் வென்ற அணியில் இருந்தனர். ஒரே புல்வெளி, ஒரே பயிற்றுநர். ஆயினும் அவ்வாயிலைக் கடந்து முதலணிக்குச் சென்றவர் சிலரே. ஹைன்சே கடக்கவில்லை. நாட்டின் முதற்றரப் போட்டியில் ஓர் ஆட்டந்தானும் ஆடும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. பின்னர் மூனிச்சை அடுத்த உன்ரர்ஹாஹிங் கழகத்துக்குச் சென்று மூன்றாந்தரப் போட்டியில் ஆடினார். அங்கும் நினைத்தது கைகூடவில்லை. இருபதுகளின் நடுப்பகுதியிலேயே அவர் அத்தொழிலை விட்டு விலகினார்.

பலர் இவ்விடத்தில் மௌனமாகி விடுவர். அல்லது பயிற்றுநரையும் கழகத்தையும் நொந்துகொண்டே காலங்கழிப்பர். ஹைன்சே அவ்வாறு செய்யவில்லை. நிறைவேறாத தம் கனவின் கதையைத் தாமே ஒரு நூலாக எழுதி 2012ஆம் ஆண்டு வெளியிட்டார். ‘மேலதிக நேரம்’ எனப் பொருள்படும் தலைப்பை அதற்கு இட்டார். ‘நிறைவுறாத ஓர் உதைபந்தாட்ட வாழ்வு’ என்பது அதன் துணைத் தலைப்பின் பொருள். அப்பொழுது அவருக்கு வயது 26. வென்றோர் தம் வரலாற்றை எழுதுவது உலக வழக்கு. எட்டாது போனவர் நாணமின்றி உண்மையை எழுதுவது அரிது. பயிற்சிக்கூடங்களுக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோருக்கும் அங்கே பயிலும் சிறுவருக்கும் இவ்வகை நூலாற் பயன் மிகுதி என்பதில் ஐயமில்லை.

மீண்டும் மாணாக்கராதல்

தொழிலை விட்ட ஹைன்சே கல்வியை நாடினார். கொலோன் நகரிலே 1947ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட விளையாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றுண்டு. விளையாட்டை ஓர் அறிவுத்துறையாகக் கற்பிக்கும் நிலையங்களுள் அது புகழ் வாய்ந்தது. அவர் அங்கே மாணவராகச் சேர்ந்தார். அந்நகரிலேயே புட்சால் ஆட்டத்தையும் கைக்கொண்டு, கொலோன் நகர்ப் புட்சால் அணியில் ஆடலானார்.

பெரிய களத்தில் வளர்ந்த ஒருவர் சிறிய களத்துக்கு வருதல் எளிதென்று எண்ணுவோர் உளர். உண்மை அதுவன்று. பெரிய களத்தில் ஒவ்வொருவருக்கும் ஓரளவு நிலையான இடம் உண்டு. பந்து தொலைவிற் செல்லும்போது சிறிது மூச்சுவிடலாம். புட்சாலிலோ நால்வரும் ஓயாது இடம் மாறிச் சுழல்வர். தாக்குபவன் மறுகணமே காப்பவனாக வேண்டும். உள்ளங்காலாற் பந்தை அடக்கும் பழக்கம் புதிதாகப் பயிலற்பாலது. உயரப் பந்தைத் தலையால் மோதுதல், நீண்ட உதை, பரந்த வெளியில் நெடுந்தூரம் ஓடுதல் என முன்னர் முயன்று பெற்றவை பல இங்கே அதிகம் வேண்டப்படா. தமக்குத் தெரிந்தது என்று நம்பியதை ஒருபுறம் வைத்துவிட்டுத் தொடக்கத்திலிருந்து கற்கும் பணிவு இதற்கு இன்றியமையாதது. நாட்டிற் சிறந்த கழகத்திற் பயின்ற ஒருவருக்கு இப்பணிவு இலகுவில் வருவதன்று.

இதில் வேறொன்றும் கவனிக்கத்தக்கது. அந்நாளைய ஜேர்மனியிற் புட்சால் ஆடுவோருக்குப் பெரும் ஊதியமோ நிறைந்த அரங்குகளோ இல்லை. தொழில் செய்வோரும் படிப்போரும் மாலையிற் கூடிப் பயின்று, வார இறுதியில் ஆடினர். புகழுக்காகவன்றி ஆட்டத்தின்மேலுள்ள விருப்பத்தினாலேயே ஆடினர் என்க.

ஹம்பேர்க் நகரில்

2016ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆந் திகதி, ஜேர்மனியின் தேசிய புட்சால் அணி தன் முதலாவது சர்வதேச ஆட்டத்தை ஹம்பேர்க் நகரில் ஆடிற்று. எதிரணி இங்கிலாந்து. இளைஞர் அணிகளைப் பயிற்றுவித்து அனுபவம் பெற்ற போல் ஷோமான் என்பார் ஜேர்மனியின் பயிற்றுநர். இங்கிலாந்து அணி இத்துறையில் ஜேர்மனிக்குப் பல்லாண்டு முந்தியது. ஆயினும் 5க்கு 3 என்ற கோல் கணக்கில் ஜேர்மனி வெற்றி பெற்றது.

அந்நாட்டின் முதற் புட்சால் அணியினருள் ஹைன்சேயும் ஒருவர். மூனிச்சிற் சிறுவராய்ப் புகுந்தபோது கனவு கண்ட தேசியச் சீருடையை அவர் 30 வயதில் அணிந்தார். சீருடை அதுவே, கழுகுச் சின்னமும் அதுவே, களம் மட்டும் வேறு. பல்லாயிரவர் நிறைந்த திறந்த அரங்கு இல்லை. கூரையின் கீழ் ஒரு மண்டபம். அது சிறியதென்று சொல்வோர் சொல்லட்டும். ஒரு நாட்டின் முதலணியில் இடம்பெறும் பேறு அவ்விளையாட்டின் வரலாற்றில் ஒரு தலைமுறைக்கே வாய்ப்பது.

ஐந்தாண்டு கழித்து, 2021இல், பத்து அணிகளுடன் ஜேர்மனியின் தேசிய புட்சால் லீக் ஆரம்பமாயிற்று. பிந்தி வந்த நாடு முந்திய நாடுகளை எட்டுதல் ஒரு நாளில் நிகழ்வதன்று. எனினும் அயல்நாடாகிய பிரான்சு 2024இல் உஸ்பெகிஸ்தானில் நடந்த உலகப் போட்டியில் முதன்முதலாகப் பங்குபற்றி நான்காம் இடத்தை எய்தியமை, பிந்தியோரும் முயன்றால் முன்னேறலாம் என்பதற்குச் சான்றாகும்.

எதிர்த் திசையிற் சென்றோர்

ஒப்புநோக்குதற்பொருட்டு வேறிருவரைச் சுட்டுதும். ஃபல்காவோ என வழங்கப்பெறும் பிரேசில் வீரர் 2004, 2008 ஆகிய இரு உலகப் போட்டிகளிலும் சிறந்த புட்சால் வீரராகத் தெரிவானவர். அவர் 2005இற் சாவோ போலோ கழகத்திற் சேர்ந்து பெரிய உதைபந்தாட்டத்தை முயன்றார். சில மாதங்களில் தம் இடம் எதுவென்று உணர்ந்து புட்சாலுக்கே திரும்பினார். அதனால் அவர் பெருமை குன்றவில்லை. மற்றையவர் இங்கிலாந்தின் மக்ஸ் கில்மன். தம் நாட்டின் புட்சால் அணிக்கு 25 ஆட்டங்கள் ஆடிய இவர், பின்னர் வுல்வர்ஹாம்ரன் கழகத்திற் சேர்ந்து, அந்நாட்டின் முதற்றரப் போட்டியில் நிலைபெற்ற பின்கள வீரரானார்.

ஒருவர் சென்று மீண்டார். ஒருவர் சென்று நிலைத்தார். ஹைன்சே பெரிய களத்திலிருந்து சிறிய களத்துக்கு வந்து தம் இடத்தைக் கண்டார். இம்மூவரையும் ஒருங்கு நோக்குவார்க்கு, இவ்விரு ஆட்டங்களுள் ஒன்று உயர்ந்தது, மற்றது அதிற் தவறியோருக்குரியது என்னும் எண்ணம் பிழையென்பது புலனாகும். இரண்டும் வேறு வேறு கல்விகள்.

முடிவுரை

புட்சாலில் மேலதிக நேரம் இல்லை என முன்னர்க் கூறினோம். ‘மேலதிக நேரம்’ என்று தம் நூலுக்குப் பெயரிட்டவர், அத்தகைய நேரமே இல்லாத ஆட்டத்திற் தம் இரண்டாம் வாழ்வைத் தொடங்கினார். முதல் வாழ்வின் எஞ்சிய சில நிமிடங்களாக அதனை எண்ணாது, முழு ஆட்டமாகவே ஆடினார். அவர் வரலாற்றில் யாம் போற்றுவது இதுவே.

ஒரு பரீட்சையிற் பெறாத புள்ளிக்காகவும், ஓர் அணியிற் கிடையாத இடத்துக்காகவும் மனமுடையும் மாணவர் எக்காலத்தும் உளர். அவர்களுக்கு, “முயன்றால் எல்லாம் கிட்டும்” என்று கூறுவது உண்மையாகாது. ஹைன்சே முயன்றார், முதலணியில் இடம் கிட்டவில்லை. அவர் வாழ்விலிருந்து நேர்மையாகக் கூறத்தக்கது வேறொன்று. கிட்டாததைக் கிட்டவில்லை என்று ஒப்புக்கொள்ளலாம். அதனை மறையாது சொல்லலாம். பின்னர் வேறொரு வாயிலிற் புதிய மாணாக்கனாக நின்று முதலெழுத்திலிருந்து கற்கலாம். நான்குமுறை உலகக் கிண்ணம் வென்ற நாடும் அவ்வாறே கற்கவேண்டியதாயிற்று.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு விண்ணப்பம். அணிக்குப் பதினொருவரைத் தெரிதல் உங்கள் கடன்; தெரியப்படாதவர் அம்மாலையில் எங்கே செல்கின்றனர் என்று நோக்குதலும் உங்கள் கடனே. மொன்ரிவிடியோ நகரில் ஓர் உடற்பயிற்சி ஆசிரியர் தம்மிடமிருந்த சிறிய களத்தைக் கொண்டே சிறுவருக்கு ஓர் ஆட்டத்தை வகுத்துக் கொடுத்தார். நெடுந்தொலைவில், பல்லாண்டு கழித்து, ஓர் இளைஞருக்கு அதுவே மறுவாழ்வின் களமாயிற்று.